நடு அருமை, மூலை குப்பை: ஒரு டோம் போர்ட்டைப் பிரித்து மேய்ந்த கதை

ஆமையின் கண்ணைச் சுற்றியிருந்த சுருக்கங்களை எண்ணிவிடலாம், அவ்வளவு கூர்மை. அதே படத்தில் கீழ் இடது மூலையில் இருந்த பவளத்தை மட்டும் யாரோ ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்துத் துடைத்த மாதிரி இருந்தது. ஒரு படம் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்த டைவிங் பயணத்தில் கடலுக்கடியில் எடுத்த நானூற்றுச் சொச்சம் வைட் (அகலக் கோண) படங்களிலும் இதே கதைதான். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது, நடுவில் ஒரு தடவை தப்பான காரணத்தைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டும் விட்டேன். அதனால்தான் முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

கையில் இருந்தது ஃபுல் ஃபிரேம் கேமரா, 16-35 மி.மீ. ஜூம், ஹவுசிங் (கேமராவைத் தண்ணீர் புகாமல் அடைத்துவைக்கும் பெட்டி), அதன் முன்னால் 4 இஞ்ச் டோம் போர்ட், அதாவது லென்ஸ் எட்டிப் பார்க்கும் குவிந்த ஜன்னல். ஏன் 4 இஞ்ச் என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றுதான்: பைக்குள் அடங்கியது. ஃபிஷ்ஐ லென்ஸ் (180 டிகிரி வரை வளைத்துப் பிடிக்கும் லென்ஸ்) வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அந்தச் சின்ன டோமைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள், டோம் டோம்தானே, எந்த லென்ஸ் போட்டால் என்ன என்று நானும் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மூலை மங்கினால் முதலில் லென்ஸ் மேல்தான் பழி விழும். நானும் போட்டேன். கரையில் ட்ரைபாடில் வைத்து, சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டி, 16 மி.மீ.யில் எஃப்/4 தொடங்கி எஃப்/16 வரை (எண் ஏற ஏற அப்பர்ச்சர் துளை சிறிதாகும்) எடுத்துப் பார்த்தேன். எஃப்/4-இல் மூலையில் லேசான தொய்வு, எஃப்/8-இல் பொடி எழுத்து வரை படிக்க முடிந்தது. தண்ணீருக்குள் நான் எடுத்ததும் பெரும்பாலும் எஃப்/8-இல்தான். ஆக லென்ஸ் நிரபராதி. ஆட்டோஃபோகஸ் மேல் கொஞ்ச நாள் சந்தேகம் இருந்தது, ஏனென்றால் பவளத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போனால் அது முன்னும் பின்னும் அலைந்து ஃபோகஸ் பிடிக்காமல் நின்றுவிடும். அந்த அலைச்சல் உண்மையிலேயே ஒரு துப்பு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கண்ணாடி இல்லை, அது ஒரு லென்ஸ்

இங்கே கொஞ்சம் இயற்பியல் பேசியாக வேண்டும், இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் என்னை மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33, காற்றின் எண் 1. ஃப்ளாட் போர்ட் (தட்டையான கண்ணாடி ஜன்னல்) வழியே சாய்வாக உள்ளே வரும் ஒளி காற்றுக்குள் நுழையும்போது இன்னும் வெளிப்பக்கமாக மடங்கும், அதனால் லென்ஸின் பார்வைக் கோணம் சுருங்கிவிடும். 24 மி.மீ. லென்ஸ் காற்றில் மூலைக்கு மூலை 84 டிகிரி பார்க்கும், ஃப்ளாட் போர்ட்டுக்குப் பின்னால் வைத்தால் 60 டிகிரிதான். எவ்வளவு வைடான லென்ஸைக் கொண்டுவந்தாலும் தட்டையான கண்ணாடி வழியே 97 டிகிரிக்கு மேல் பார்க்கவே முடியாது. அந்த எல்லையை நெருங்க நெருங்க நேர்கோடெல்லாம் வளையும், ஓரத்தில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவில் மடங்குவதால் விளிம்புகளில் வண்ணக் கோடு பிரியும். வைடுக்கு டோம் என்ற ஒன்று வந்ததே இதற்காகத்தான்.

டோமின் வளைவு மையமும் லென்ஸின் என்ட்ரன்ஸ் பியூபிலும் ஒரே புள்ளியில் இருந்தால், பியூபிலை நோக்கி வரும் ஒவ்வொரு கதிரும் கண்ணாடியைச் செங்குத்தாகக் கடக்கும், மடங்காது, கோணம் அப்படியே மிஞ்சும். (பியூபில் என்பது முன்பக்கமிருந்து லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தால் அப்பர்ச்சர் துளை எங்கே இருப்பதாகத் தெரிகிறதோ அந்த இடம்.) இது வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது அடுத்ததை: வெளியே தண்ணீரும் உள்ளே காற்றுமாக இருக்கும் டோம் ஒரு குழிலென்ஸாக வேலை செய்கிறது. கேமரா பார்ப்பது ஆமையை இல்லை, ஆமையின் மாய பிம்பத்தை. எல்லையற்ற தூரத்தில் இருக்கும் பொருளின் பிம்பம்கூட டோம் கண்ணாடியிலிருந்து ஆரத்தின் மூன்று மடங்கு தூரத்திலேயே வந்து நின்றுவிடும்.

என் சின்ன டோமின் ஆரம் 5 செ.மீ. அப்படியானால் கடலின் அந்தக் கோடி கண்ணாடிக்கு முன்னால் 15 செ.மீ.யில். 30 செ.மீ. தள்ளி இருக்கும் பவளம் 9 செ.மீ.யில். முழுக்கடலும் அந்த 6 செ.மீ. இடைவெளிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆட்டோஃபோகஸ் ஏன் அலைந்தது என்பது இங்கேதான் புரிந்தது. என் ஜூமின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 28 செ.மீ., அதை அளப்பது லென்ஸ் நுனியிலிருந்து இல்லை, சென்ஸாரிலிருந்து (கேமரா தலையில் வட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு வெட்டுகிற மாதிரி சின்னக் குறி இருக்குமே, அங்கிருந்து). கூட்டிப் பாருங்கள்: பிம்பம் கண்ணாடிக்கு முன்னால் 9, கண்ணாடியிலிருந்து மையத்துக்கு 5, மையத்திலிருந்து சென்ஸாருக்கு என் லென்ஸில் சுமார் 13. மொத்தம் 27. ஒரு சென்டிமீட்டர் பற்றவில்லை. பாவம் ஆட்டோஃபோகஸ், இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, ஃபோகஸ் பிடித்த படங்களில் மூலை ஏன் மங்கியது? அந்தப் பிம்பம் தட்டையாக நிற்பதில்லை, டோமின் மையத்தைச் சுற்றி ஒரு பெரிய கிண்ணம் மாதிரி வளைந்து நிற்கிறது. 16 மி.மீ.யில் மூலை நடுக்கோட்டிலிருந்து 53 டிகிரிக்கு மேல் விலகி இருக்கும். சின்ன டோமில் தூரத்துப் பொருளின் பிம்பம் நடுவில் மையத்திலிருந்து 20 செ.மீ. (அந்த 15-ஓடு ஆரம் 5) ஆழத்தில் இருந்தால், மூலையில் அதே கிண்ணம் வெறும் 12 செ.மீ. ஆழத்துக்கு முன்னேறி வந்துவிடுகிறது. என் ஜூமோ, சுவரில் ஒட்டிய செய்தித்தாளைத் தட்டையாகப் பிடிப்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட லென்ஸ். நடுவில் ஃபோகஸ் வைத்தால் மூலை 3.4 டயாப்டர் (1-ஐ மீட்டர் தூரத்தால் வகுத்தால் வரும் அளவு) தள்ளிப் போய்விடுகிறது. கரையில் அந்த லென்ஸை மெச்சவைத்த அதே குணம்தான் தண்ணீருக்குள் காலை வாரியது.

ஃபிஷ்ஐக்காரர்கள் ஏன் சின்ன டோமைக் கொண்டாடினார்கள் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஃபிஷ்ஐ ஓரங்களை இழுத்து நீட்டுவதில்லை, நேர்கோட்டை வளைய விட்டுவிடுகிறது, அதனால் மூலையில் இருக்கும் குறை பெரிதாக்கப்படுவதில்லை. குவியத் தூரம் குறைவு என்பதால் ஆழக்கூர்மையும் அதிகம், மூக்குக்கு முன்னால் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும். அவர்கள் சொன்னது பொய்யே இல்லை, அவர்களுடைய லென்ஸுக்குச் சொன்னதை நான் என் லென்ஸுக்கு எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பெரிய டோம், அதே குப்பை

கணக்கு சுலபமாகத் தெரிந்தது. மூலையில் விழும் மங்கல் வட்டம் அந்த டயாப்டர் வித்தியாசத்துக்கும் அப்பர்ச்சர் துளையின் விட்டத்துக்கும் நேர் விகிதம். டோமின் ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் வித்தியாசம் பாதியாகும். அதாவது பெரிய டோமில் எஃப்/8-இல் கிடைக்கும் மூலையைச் சின்ன டோமில் வாங்க எஃப்/16-க்குப் போக வேண்டும், நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். எஃப்/16-இல் எடுத்தும் பார்த்தேன். மூலை தேறியது, ஆனால் ஸ்ட்ரோப் (ஃபிளாஷ் விளக்கு) இரண்டும் முழுப் பலத்தில் இருமிக்கொண்டே மீள நேரம் எடுத்துக்கொண்டன, பின்னணி நீலம் கறுப்பானது, அதைத் தூக்க ஐ.எஸ்.ஓ.வை (சென்ஸாரின் ஒளி உணர்திறனை) ஏற்றினால் நீலத்தில் மணல் கொட்டிய மாதிரி குருணை. ஆக, பெரிய டோம்.

கூட டைவ் செய்யும் மூத்தவர் ஒருவரிடம் 8 இஞ்ச் அளவில் கண்ணாடி டோம் சும்மா கிடந்தது. அதோடு வந்த 30 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ரிங்கையும் (ஹவுசிங்குக்கும் டோமுக்கும் நடுவே மாட்டும் வளையம்) சேர்த்து வாங்கி மாட்டிக்கொண்டு நீச்சல் குளத்தில் இறங்கினேன். குளத்துச் சுவர் மாதிரி ஒரு சோதனைச்சாலை கிடைக்காது, டைல்ஸ் கோடுகள் நேராக ஓடும், எங்கே வளைகிறது எங்கே நிறம் பிரிகிறது என்று பார்த்தவுடனே தெரியும். 60 செ.மீ. தூரத்தில் நின்று வரிசையாக எடுத்துவிட்டு, கரையேறி, தலையைக்கூடத் துவட்டாமல் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆட்டோஃபோகஸ் அலைச்சல் போயிருந்தது. மூலை கொஞ்சம் தேறியிருந்தது, எதிர்பார்த்த அளவில் பாதிகூட இல்லை. புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருந்தது: படத்தின் ஓரத்தில் டைல்ஸ் கோடுகள் நடுவை நோக்கி உள்வாங்கி வளைந்திருந்தன, கோட்டின் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் பச்சை.

பெரிய டோமும் சரிப்படவில்லை, அப்படியானால் 16-35 தண்ணீருக்கே ஆகாது என்று முடிவு கட்டிவிட்டேன். நான் முன்னால் சொன்ன தப்பான காரணம் இதுதான். விற்றுவிடலாம் என்று படம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. டோமைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மூத்தவர் கேட்டது ஒரே கேள்வி: “அந்த ரிங் எந்த லென்ஸுக்கு வாங்கினது தெரியுமா தம்பி?”

எனக்குத் தெரியாது. அவருக்கும் சரியாக ஞாபகம் இல்லை, நிச்சயம் 16-35-க்கு இல்லை என்றார்.

கோடு உள்வாங்கி வளைந்தது எங்கோ பார்த்த மாதிரி இருந்ததே, அது ஃப்ளாட் போர்ட்டின் குணம். தட்டையான கண்ணாடி என்பது ஆரம் முடிவில்லாத டோம், அதன் மையம் லென்ஸுக்கு எங்கோ பின்னால் கிடக்கிறது. டோமிலும் பியூபில் மையத்தைத் தாண்டிக் கண்ணாடிப் பக்கம் முன்னேறிவிட்டால் அதே வளைவும் அதே வண்ணப் பிரிவும் கொஞ்சமாக எட்டிப் பார்க்கும், கோணமும் குறையும். ரிங் நீளமானால் தலைகீழ், கோடுகள் பீப்பாய் மாதிரி வெளியே பிதுங்கும், டோம் விளிம்பில் நீட்டியிருக்கும் வெளிச்சத் தடுப்பு மூலையில் கறுப்பாக விழும். என் படங்கள் ரிங் குட்டை என்று கத்திச் சொல்லியிருக்கின்றன, கேட்கத்தான் ஆளில்லை.

ஸ்கேலும் பென்சிலும்

அன்று சாயங்காலம் அவர் வீட்டு மேஜையிலேயே அளந்தோம். 8 இஞ்ச் டோம் என்றால் ஆரம் 4 இஞ்ச் என்று நினைத்துக்கொள்வது இன்னொரு பொறி, பெரிய டோம்களில் பல முழு அரைக்கோளமே இல்லை, கோளத்தில் வெட்டி எடுத்த ஒரு வில்லைதான். டோமைக் கவிழ்த்து வைத்து, விளிம்புக்கு விளிம்பு அளந்தால் 19 செ.மீ. உச்சிக்கு மேல் ஒரு ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்து, மேஜை வரை இன்னொரு ஸ்கேலை நிறுத்தினால் கண்ணாடி விளிம்பிலிருந்து உயரம் 6 செ.மீ. பாதி அகலத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஆரம்: 10.5 செ.மீ. ஆக வளைவு மையம் கண்ணாடி விளிம்பிலேயே இல்லை, அதற்கு 4.5 செ.மீ. பின்னால் இருக்கிறது.

அடுத்து பியூபில். ஹவுசிங்கிலிருந்து கேமராவை வெளியே எடுத்து ட்ரைபாடில் ஒரு நகரும் பட்டையின் மேல் வைத்து, லென்ஸுக்கு அரையடி முன்னால் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்தினோம், அறையின் அந்தக் கோடியில் கதவு நிலையின் விளிம்பு. இரண்டும் ஒரே கோட்டில் தெரியும்படி வைத்துக்கொண்டு கேமராவை இடமும் வலமும் திருப்பினால் பென்சில் கதவு விளிம்பை விட்டு நகரும். கேமராவைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி திருப்ப வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு திருப்பினாலும் பென்சில் கதவை விட்டுப் பிரியவே இல்லையோ, அப்போது ட்ரைபாடின் சுழல் அச்சுக்கு நேர் மேலே இருப்பது பியூபில். 16 மி.மீ.யில் அது லென்ஸின் முன் கண்ணாடிக்கு 2.5 செ.மீ. உள்ளே இருந்தது. ஜூமைத் திருப்பினால் இது நகரும், அதனால் மூலை மோசமாகத் தெரியும் வைட் முனைக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்டிப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தோம். 30 மி.மீ. ரிங்கோடு லென்ஸின் மூக்கு டோமின் கண்ணாடி விளிம்புக்குச் சமமாக வந்து நின்றது. பியூபில் விளிம்புக்கு 2.5 செ.மீ. பின்னால், மையமோ 4.5 செ.மீ. பின்னால். இரண்டு சென்டிமீட்டர் குட்டை. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற தப்பு! ஒன்றரை மாதமாக நான் லென்ஸின் கூர்மையைக் காட்டும் எம்.டி.எஃப். வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

50 மி.மீ. ரிங் இரவல் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. அதே குளம், அதே சுவர், அதே 60 செ.மீ. எஃப்/8-இல் கோடுகள் நிமிர்ந்துவிட்டன, ஊதாவும் பச்சையும் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தன, மூலையில் டைல்ஸுக்கு நடுவே இருக்கும் சிமெண்டின் பொரிபொரிப்பு தெரிந்தது. எஃப்/5.6-இல் இன்னும் தொய்வுதான், எஃப்/11-இல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை: குளத்துச் சுவர் கொஞ்சம் தாராளமான பரீட்சை. தட்டைச் சுவரின் மூலை கேமராவிலிருந்து நடுவைவிட அதிக தூரத்தில் இருப்பதால் பிம்பக் கிண்ணத்தின் வளைவு ஓரளவு நிமிர்ந்துவிடும். பவளத்திட்டில் அப்படி இல்லை, கீழ் மூலைகளில் எப்போதும் தரை நம்மை நோக்கி ஏறி வரும், பக்கத்தில் இருக்கும் பொருள் இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். சுவரில் எஃப்/8 போதும் என்றால் கடலில் ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது எஃப்/11, வைத்துக்கொள்கிறேன்.

இந்த டோமிலேயே ஃபிஷ்ஐ போட்டால் என்ன என்று அடுத்த ஆசை வந்தது. மையத்திலிருந்து பார்த்தால் இந்த வில்லையின் விளிம்பு இருபுறமும் சேர்த்து 129 டிகிரிக்குத்தான் இடம் விடுகிறது, 16 மி.மீ.யின் 107 டிகிரிக்குத் தாராளம். 180 டிகிரி ஃபிஷ்ஐக்கு லென்ஸை மையத்தைவிட்டு முன்னே தள்ளியாக வேண்டும். ஃபிஷ்ஐக்கு என் பழைய 4 இஞ்சே போதும், அது முழு அரைக்கோளம்.

பெரிய டோமுக்குச் செலவு வேறு இடத்தில் வரும். அந்த வில்லைக்குள் மட்டும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் காற்று அடைபட்டிருக்கிறது, சின்ன டோமுக்குள் கால் லிட்டர்தான். தண்ணீருக்குள் கேமராவின் மூக்கு மேலே மேலே தூக்கும், ஒரு மணி நேர டைவ் முடியும்போது மணிக்கட்டு சொல்லும் கதையைக் கேட்க வேண்டும். கண்ணாடி டோமின் எடை அதில் கொஞ்சத்தை ஈடுகட்டுகிறது. அக்ரிலிக் டோம் லேசு, அதனாலேயே இன்னும் அதிகம் மிதக்கும். அக்ரிலிக் சுலபமாகக் கீறும், ஆனால் வெளிப்பக்கக் கீறலில் தண்ணீர் நிரம்பிக்கொள்வதால் படத்தில் அநேகமாகத் தெரியாது, மெருகேற்றி எடுத்தும் விடலாம். கண்ணாடி லேசில் கீறாது, கீறினால் அவ்வளவுதான். பாதி வானம் பாதி கடல் என்று எடுப்பவர்கள் இரண்டில் எதுவானாலும் பெரியதாக வாங்கட்டும், நீர்க்கோடு கண்ணாடியில் ஏறி நிற்கும் அந்தத் தடித்த பட்டை பெரிய டோமில்தான் மெலிசாகத் தெரியும்.

மேக்ரோவுக்கு (சின்னஞ்சிறு பொருளைப் பக்கத்தில் போய் எடுப்பதற்கு) இந்தத் தலைவலி எதுவும் இல்லை, ஃப்ளாட் போர்ட் போதும். 100 மி.மீ. லென்ஸின் 24 டிகிரி 18 ஆகக் குறைவதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஃப்ளாட் போர்ட் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கித் தரும் என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே தூரத்தில் நின்று எடுத்தால் பெரிதாகத் தெரிவது உண்மை. ஆனால் லென்ஸின் கடைசி எல்லையான 1:1 (பொருள் தன் உண்மை அளவிலேயே சென்ஸாரில் விழுவது) தண்ணீருக்குள்ளும் 1:1 தான், பொருள் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கும். மேக்ரோ போர்ட்டின் நீளத்தைப் பொறுத்தவரை, லென்ஸ் முழுதாக நீண்டாலும் கண்ணாடியில் இடிக்காமல், அதே சமயம் முன்னால் வெட்டி இடம் விடாமல் இருந்தால் சரி.

டோமையே விட்டுவிட்டுத் தண்ணீரைத் தொடும் முன்கண்ணாடியோடு வடிவமைத்த லென்ஸ்களுக்குப் போவதும் ஒரு வழி. பழைய நிக்கோனாஸ் கேமராவின் 15 மி.மீ. லென்ஸ் அந்த ரகம், தண்ணீருக்குள் 94 டிகிரி பார்க்கும், மூலையைப் பற்றிக் கவலையே பட வேண்டாம். இப்போது ஃப்ளாட் போர்ட்டுக்கு முன்னால் தண்ணீருக்குள்ளேயே மாட்டும் வைட் வெட்லென்ஸ்கள் இருக்கின்றன. மாட்டியதும் நடுவில் சிக்கிய காற்றுக்குமிழைக் குலுக்கி வெளியேற்ற மறந்தால் முதல் பத்துப் படம் போச்சு. கூர்மை என்னவோ எஃப்/8-இலேயே மூலை வரை நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை, கையில் இருந்த லென்ஸை விற்காமல் காப்பாற்றிய மிதப்பில் இருக்கிறேன்.

போன வாரம் அதே திட்டில் வேறொரு ஆமை கிடைத்தது. 16 மி.மீ., எஃப்/11, பெரிய டோம், 50 மி.மீ. ரிங். கீழ் இடது மூலையில் இருந்த மூளைப் பவளத்தின் வரிப்பள்ளங்களை விரலால் தடவலாம் போலிருந்தது. கீழ் வலது மூலை மட்டும் மங்கல். மறுபடியும் ஸ்கேலைக் கையில் எடுத்துவிட்டேன், அப்புறம்தான் அடுத்தடுத்த படங்களைத் தள்ளிப் பார்த்தேன், மங்கல் மெல்ல மெல்ல இடம் மாறிப் போய்க்கொண்டிருந்தது. என் துடுப்பு கிளப்பிய மணல்.